ஆறு ஆண்டுகள் இருந்த கட்சி



அம்பேத்கரைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூடினால் பேச்சு எந்தத் தடத்தில் போகும் என்பது நமக்குத் தெரியும். 1927இல் மகாத் குளம், 1932இல் பூனா ஒப்பந்தம், அங்கிருந்து ஒரே தாவாக அரசியல் நிர்ணய சபை, கடைசியில் 1956இல் நாகபுரியில் பௌத்தம். இந்தத் தடத்தில் 1936 முதல் 1942 வரையிலான ஆறு ஆண்டுகள் விடுபட்டுப் போகின்றன. அந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஒரு கட்சி நடத்தினார். அதன் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1936 ஆகஸ்டில் பம்பாயில் தொடங்கியது. 1942 ஜூலையில் அதன் இடத்தில் வேறொரு அமைப்பு வந்தது. இன்று அந்தக் கட்சியைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

அது தோற்றுப்போன பரிசோதனை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. தீண்டாமையையும் கூலியையும் தனித்தனி வழக்குகளாக ஆக்காமல், இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக்கொண்டு சட்டமன்றத்துக்குள் போன கட்சி அது. அந்த மனுவை வாங்கிப் பதிவுசெய்ய அன்றைய ஆட்சியமைப்பில் இடமே இருக்கவில்லை. கட்சி கலைந்ததற்கு முதற்காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

கட்சி பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். 1935 அக்டோபரில் இயோலாவில் நடந்த மாநாட்டில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். 1936 மே மாதம் லாகூரில் பேச இருந்த உரையைப் பேச அழைத்தவர்களே தடுத்துவிட, அதைத் தன் செலவில் 'சாதி ஒழிப்பு' என்று அச்சிட்டு வெளியிட்டார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்பது அந்த நூலின் முக்கிய வாதங்களில் ஒன்று. அடுத்த மூன்றே மாதத்தில் கட்சி. அவருடைய எழுத்தையும் கட்சியையும் தனித்தனியாகப் படிப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஒரே ஆண்டில் ஒரே கை எழுதியவை அவை இரண்டும்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தது. தேர்தல் வரப்போகிறது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று தகுதி பார்த்துத்தான் கொடுத்தார்கள். பூனா ஒப்பந்தத்தின்படி பம்பாய் மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த 15 இடங்களுக்கென்று ஒரு சாதிக் கட்சி தொடங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அம்பேத்கர் அதைச் செய்யவில்லை. தொழிலாளர் என்ற பெயருக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் அடக்கம் என்று கட்சியின் அறிக்கை விளக்கம் சொன்னது. சாதியை மறைக்க எடுத்த பெயர் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. தாழ்த்தப்பட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், குத்தகைக்காரர்கள், ஆலைத் தொழிலாளர்கள். அவர்களுடைய பசியைப் பேசாமல் மானத்தைப் பேச முடியாது, மானத்தைப் பேசாமல் பசியையும் பேச முடியாது என்பதே அவர் எடுத்த நிலை.

அறிக்கையில் என்ன இருந்தது? தேவைப்படும் இடங்களில் தொழில்களை அரசே நடத்துவது, சொந்தமாக்கிக்கொள்வது. நில அடமான வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், விளைபொருள் விற்பனைச் சங்கங்கள். நிலம் துண்டு துண்டாகப் போவதைத் தடுப்பது. தொழிற்கல்வி. ஆலைத் தொழிலாளிக்கு வேலைநேர வரம்பு, போதுமான கூலி, சம்பளத்துடன் விடுப்பு. வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் பதவி உயர்விலும் சட்டக் கட்டுப்பாடு. கிராமங்களுக்குச் சுகாதாரம், வீட்டு வசதி, படிப்பகம். இன்று எந்தக் கட்சியும் கூசாமல் அச்சிடும் வாக்குறுதிகளாக இவை தோன்றலாம். 1936இல், காங்கிரசுக்குள் ஆலை முதலாளிகளும் நிலக்காரர்களும் செல்வாக்கோடு இருந்த ஒரு மாகாணத்தில், மிகச் சிறிய ஒரு கட்சி இவற்றை எழுதி வைத்துக்கொண்டு வாக்குக் கேட்டது.

இந்த அறிக்கை புத்தகத்திலிருந்து எடுத்து எழுதப்பட்டதல்ல. பம்பாய் நகரத்தையும் கொங்கணக் கரையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும். பம்பாய் ஆலைகளுக்கு மிக அதிகமாக ஆள் அனுப்பிய மாவட்டங்களில் முதன்மையானது ரத்னகிரி. அம்பேத்கரின் பூர்விக ஊரான அம்பவடேவும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பரேலில் சால் என்ற தொழிலாளர் குடியிருப்பில், ஒற்றை அறையில் பலரோடு படுத்து எழுந்து ஆலைக்குப் போகிறவனுடைய மனைவியும் தாயும் தகப்பனும் கொங்கணத்தில் குத்தகை நிலத்தில் இருப்பார்கள். அவன் அனுப்பும் மணியார்டர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதில் ஒரு பங்கு நிலக்காரன் கைக்குப் போய்விடும். ஆலைத் தொழிலாளி வேறு, குத்தகைக் குடியானவன் வேறு என்று பிரிப்பது ஏட்டில்தான் நடக்கும். அங்கே அது ஒரே குடும்பம். ஆலைப் பிரச்சினையையும் நிலப் பிரச்சினையையும் கட்சி ஒன்றாகக் கட்டியது ஏன் என்று கேட்டால், அவை கட்டப்பட்டேதான் இருந்தன என்பதே பதில்.

அந்த நிலக்காரனுக்கு அங்கே கோத் என்று பெயர். முறைக்குக் கோத்தி. ரத்னகிரி, கொலாபா மாவட்டங்களிலும் தாணாவின் சில பகுதிகளிலும் அது நடந்தது. கிராமத்து நிலவரியை வசூலித்துச் சர்க்காருக்குக் கட்டும் பரம்பரை உரிமை கோத்துக்கு. சர்க்காருக்கு அவன் கட்ட வேண்டியது குறிப்பிட்ட தொகை. குடியானவனிடம் அவன் வாங்குவது நெல்லில் பங்கு; சில இடங்களில் அது பாதி வரை போகும். அதோடு வெட்டிவேலை. கோத்தின் வயலில் ஒருநாள், வீட்டில் ஒருநாள், கல்யாணம் வந்தால் விறகு வெட்டி, பந்தல் போட்டு, பல்லக்குத் தூக்கி. நம் பக்கத்துப் பண்ணைகளையும் ஜமீன்களையும் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1933இல் அலிபாக் பக்கத்தில் சரீ என்ற ஊரின் குடியானவர்கள், நாராயண் நாகு பாட்டீலின் தலைமையில், கோத்துகளின் நிலத்தை உழ மாட்டோம் என்று நிறுத்தினார்கள். ஒரு போகம் இரண்டு போகம் என்று நிற்கவில்லை. ஆறு ஆண்டு உழவில்லை. காட்டு விறகு வெட்டி விற்றும், கிடைத்த கூலிக்குப் போயும் பிழைத்தார்கள். உலக வரலாற்றிலேயே மிக நீண்ட குடியானவர் வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. நம் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது என்பது எனக்குத் தீராத வருத்தம். 1934இல் அந்தப் பகுதிக் குடியானவர்களின் மாநாட்டுக்கு அம்பேத்கர் போய்ப் பேசினார். சரீயில் நின்றவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர் அல்லர், ஆக்ரி என்ற உழவர் சாதியினர். கட்சி பிறப்பதற்கு முன்பே அதன் திசை அங்கே தெரிகிறது.

இனி ஆலைக்குள் போவோம். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்புப் பகுதியில் தாழ்த்தப்பட்டவர்கள் வேலை செய்தார்கள். நெசவுப் பகுதிக்குள் மட்டும் அவர்களை விடுவதில்லை. கூலி அதிகம் கிடைப்பது நெசவில். ஏன் விடவில்லை? தறியில் நாடா ஓடுகிறது. உள்ளே தாரில் இருக்கும் ஊடை நூல் தீர்ந்துபோகிறது. தறிக்காரர் புதுத் தாரை நாடாவில் பொருத்தி, நாடாவின் ஓரத்துக் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சுவார். நூல் நுனி கண்ணுக்குள் நுழைந்து வெளியே வரும். ஒரே நாடா ஒரு ஷிப்டில் பல வாய் மாறும். தாழ்த்தப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் மற்றத் தொழிலாளர்கள். சொன்னவர்கள் முதலாளிகள் அல்லர், சக தொழிலாளர்கள். தொழிற்சங்கங்கள் நெடுநாள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1920களின் கடைசியில் பெரிய வேலைநிறுத்தங்கள் வந்தபோது அம்பேத்கர் அழுத்தி அழுத்திக் கேட்ட கேள்வி இதுதான்: எங்கள் ஆளை உள்ளே விடாத தறிக்காக நாங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

சென்னையில் 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் இதே இடத்தில் இடறியது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிளந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. அந்தப் பிளவு யார் செய்த குற்றம் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. தொழிலாளி என்றாலே ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நம்பிய தலைவர்கள், இரு நகரங்களிலும், தறிக்கு அருகே போய்ப் பார்க்கவில்லை என்பதே நான் சொல்ல விரும்புவது.

1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ரயில்வேயில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களின் மாநாடு நடந்தது. அங்கே அம்பேத்கர், தொழிலாளிக்கு எதிரிகள் இருவர், பார்ப்பனியமும் முதலாளியமும் என்றார். பார்ப்பனியம் என்று தான் சொல்வது ஒரு சாதியாரின் அதிகாரத்தை மட்டுமல்ல, சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் மறுக்கும் மனப்பான்மையை, அது எல்லாச் சாதியிலும் ஊறிக் கிடக்கிறது என்றும் விளக்கினார். நாடாவில் வாய் வைக்க மறுத்தவரும் ஏழைத் தொழிலாளிதான் என்பதை வைத்துப் படித்தால் அந்தப் பேச்சின் எடை தெரியும். கட்சியின் கொள்கையை ஒரே பேச்சில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மன்மாடு பேச்சைத்தான் படிக்கச் சொல்வேன்.

தேர்தலுக்கு வருகிறேன். 1937 பிப்ரவரி. கட்சி 17 பேரை நிறுத்தியது. 14 பேர் வென்றார்கள். ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமல்லாமல் பொது இடங்களிலும் நின்றது. ஷாம்ராவ் பருலேகர், அனந்தராவ் சித்ரே, சுரேந்திரநாத் டிப்னிஸ் ஆகியோர் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர்கள் அல்லர். டிப்னிஸ் மகாத் போராட்டக் காலத்தில் அந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்து துணை நின்றவர். கட்சி ஒரு சாதிக்கானது என்று சொல்கிறவர்கள் இந்தப் பெயர்களை விட்டுவிடுகிறார்கள்.

பம்பாய் நகரத்தில் பைகுல்லா - பரேல் தொகுதியில் அம்பேத்கர் நின்றார். அவருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வங்கர் பாலு. கிரிக்கெட் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். சம்பார் சாதியில் பிறந்து, ஆட்டத்தில் யாருக்கும் குறையாதவராக இருந்தும் தேநீர் இடைவேளையில் தனிக் கோப்பையில் குடித்தவர். இளைஞர் அம்பேத்கருக்கே அவர்மேல் பெருமிதம் உண்டு. அப்படிப்பட்ட இருவரை ஒரே இடத்துக்குப் போட்டியிட வைத்த நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. வித்தியாசம் இரண்டாயிரம்தான். கட்சியின் பலம் எவ்வளவு, அதன் எல்லை எங்கே என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன. அம்பேத்கரின் சொந்தச் சாதியினரான மகர் மக்கள் திரண்டு வாக்களித்தார்கள். சம்பார், மாங் சாதியினரில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். கடைசிவரை அந்தச் சுவரைக் கட்சியால் உடைக்க முடியவில்லை.

175 பேர் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு ஏறக்குறைய பாதி இடம். 1937 ஜூலையில் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சி அமைந்தது. எதிரே 14 பேர். அவர்கள் கேட்டதெல்லாம் நிறைவேறாது என்பது முதல் நாளே தெரியும். ஆனாலும் செப்டம்பரில், ஆட்சி வந்து இரண்டே மாதத்தில், கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவை அம்பேத்கர் அவையில் வைத்தார்.

அந்த மசோதாவின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பாருங்கள். கோத்துகளின் உரிமையை ஒழிக்க வேண்டும். அதற்கு நியாயமான நஷ்டஈடு தரலாம். நிலத்தை உண்மையில் கையில் வைத்திருக்கும் குடியானவனுக்கு நிலவருவாய்ச் சட்டப்படி நேரடி அனுபோக உரிமை வேண்டும். அதாவது, குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் ஆள் இருக்கக் கூடாது. ரயத்துவாரி முறையில் மற்றப் பகுதிகளில் நடக்கும் ஒன்றைத்தான் கொங்கணத்துக்கும் கேட்டார். பிடுங்கிக் கொடு என்று சொல்லவில்லை. சட்டத்துக்குள், நஷ்டஈடு கொடுத்து, அமைதியாக ஒரு அடிமை முறையை முடிக்கும் வழியை எழுதிக் கொடுத்தார். சீர்திருத்தம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மசோதாவை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. தனி உறுப்பினர் மசோதாவாகக் கிடந்தது.

உடனே கட்சி தெருவுக்கு வந்தது. 1938 ஜனவரி 10ஆம் தேதி ரத்னகிரி, கொலாபா, தாணா, சாத்தாரா, நாசிக் மாவட்டங்களிலிருந்து வந்த குடியானவர்கள் பம்பாய்ச் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்று அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் குறிக்கிறார். கொங்கணத்துக் கிராமத்தான், படகேறிப் பம்பாய் வந்து, செங்கொடியும் கோரிக்கைத் தட்டியும் ஏந்தி முதலமைச்சரைப் பார்க்க வந்தான். கம்யூனிஸ்டுகளும் குடியானவர் தலைவர் இந்துலால் யாக்னிக்கும் கூட வந்தார்கள். உலகில் உள்ளவர்கள் இரண்டே வகுப்பு, இருப்பவன், இல்லாதவன் என்று அன்று அம்பேத்கர் பேசினார். நிலம், கூலி, கோத்தி ஒழிப்பு என்பதாகக் கோரிக்கைகள் கொடுக்கப்பட்டன. பதிலில் வாக்குறுதிக்கு மேல் ஒன்றும் இல்லை.

அடுத்து வந்தது தொழில் தகராறு மசோதா. 1938இல் கேர் அரசு கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்துக்கு முன் அறிவிப்பு, சமரசப் பேச்சு என்று நெடிய படிகளை வைத்தது. அந்தப் படிகள் முடியாமல் வேலையை நிறுத்தினால் அது சட்டவிரோதம், சிறை என்றது. சமரசம் நல்லதுதானே என்று கேட்கலாம். அம்பேத்கர் சமரசத்தை எதிர்க்கவில்லை. அவை நடவடிக்கையில் அவர் வைத்த வாதம் இது: வேலைக்குப் போகாதது அதிகபட்சம் ஒப்பந்த மீறல், அதற்கு உரிமையியல் வழக்குப் போடலாம். அதைக் குற்றமாக்கிச் சிறையில் போட்டால், ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குகிறீர்கள். அதற்குப் பெயர் அடிமை முறை. சுதந்திரம் கேட்டுப் போராடும் காங்கிரஸ், தொழிலாளியின் சுதந்திரத்தை எப்படி மறுக்க முடியும்? வழக்கறிஞர் ஒருவர் ஒரு கோட்பாட்டை வாக்கியம் வாக்கியமாகக் கட்டி எழுப்புவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பேச்சைப் படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வெட்டிவேலை செய்த சமூகத்திலிருந்து வந்தவர் பேசியது அது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மசோதா நிறைவேறியது. அதை எதிர்த்து 1938 நவம்பர் 7ஆம் தேதி ஒருநாள் வேலைநிறுத்தம். சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளின் சங்கமும் ஒரே மேடையில் நின்றன. அம்பேத்கரும் கம்யூனிஸ்டுத் தலைவர் டாங்கேயும் சேர்ந்து தொழிலாளர் பகுதிகளைச் சுற்றி வந்தார்கள். பத்தாண்டுக்கு முன் வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்ற அம்பேத்கர், இப்போது ஒரு வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறார். முரண்பாடு என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. என் கணக்கில் முரண்பாடே இல்லை. அன்று தன் மக்களைத் தறிக்கு வெளியே நிறுத்திய வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். இன்று அவர்களும் உரிமையோடு நிற்கும் வேலைநிறுத்தத்தை நடத்தினார். ஆலைப் பகுதியில் அன்று கல்வீச்சும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தன. உள்துறை கே.எம். முன்ஷியிடம் இருந்தது. எத்தனை ஆலை நின்றது என்பதில் அரசும் சங்கங்களும் ஒரே கணக்கைச் சொல்லவில்லை. தாழ்த்தப்பட்ட தொழிலாளியும் மற்றத் தொழிலாளியும் ஒரே நாளில் ஒரே கோரிக்கைக்காகத் தெருவில் நின்றார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

கட்சியின் குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லாமே ஒரு மனிதரின் தோளில் இருந்தது. 1938 வரை அவர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரி முதல்வர், வக்கீல் தொழில், சட்டமன்றம், 'ஜனதா' வார இதழ், கட்சி. தாலுகா அளவில் நிரந்தர அலுவலகமும் சம்பளத் தொண்டரும் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. சொந்தமாக ஒரு பெரிய ஆலைத் தொழிற்சங்கத்தைக் கட்டவும் முடியவில்லை. சங்கம் இல்லாத தொழிலாளர் கட்சி வேலைநிறுத்த நாளில் கம்யூனிஸ்டுகளோடு கைகோக்கலாம்; மறுநாள் அந்தத் தொழிலாளி தன் சங்கத்துக்குத் திரும்பிவிடுவான். பம்பாய் மாகாணத்துக்கு வெளியே மத்திய மாகாணத்தில் கொஞ்சம் வேர் பிடித்ததைத் தவிர, மற்ற இடங்களில் அது கட்சியாகவே ஆகவில்லை. சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா, என். சிவராஜ் போன்ற தலைவர்கள் தங்கள் தங்கள் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். பருலேகர் பிறகு கம்யூனிஸ்டுக் கட்சிக்குப் போய்விட்டார். வார்லி ஆதிவாசிகளின் போராட்டத்தில் கோதாவரி பருலேகரோடு அவர் பெயரை மீண்டும் பார்க்கிறோம். நல்லவர்களை உருவாக்கி, வைத்துக்கொள்ள முடியாமல் போன கட்சி அது.

இவ்வளவு குறை இருந்தும் கட்சி இன்னும் சில ஆண்டு நின்றிருக்கும். நிற்க விடாதது டெல்லியிலும் லண்டனிலும் நடந்தது. 1939இல் போர் வந்தது. காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. சட்டமன்றம் செயலற்றுப் போயிற்று. சட்டமன்றத்தை நம்பி இயங்கிய கட்சிக்கு மேடையே போய்விட்டது. 1940இல் முஸ்லிம் லீக் லாகூர் தீர்மானம் போட்டது. நாட்டின் எதிர்காலப் பேச்சு முழுவதும் சமூகங்களின் பேச்சாக மாறியது. அந்தத் தீர்மானத்தை ஆராய சுதந்திரத் தொழிலாளர் கட்சி அமைத்த குழுவிலிருந்துதான் பாகிஸ்தான் பற்றிய அம்பேத்கரின் பெரிய நூல் பிறந்தது. கட்சி சிந்தித்துக்கொண்டுதான் இருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு நாற்காலி இல்லை.

1942 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசின் தூதராக ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் வந்தார். காங்கிரஸ், முஸ்லிம் லீக், சீக்கியர், சமஸ்தானங்கள் என்று வரிசையாகச் சந்தித்தார். அம்பேத்கரும் நம் எம்.சி. ராஜாவும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகத்தான் கிரிப்ஸ் அவர்களைப் பார்த்தார். கிரிப்ஸ் கொண்டுவந்த திட்டத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கே உறுதியான பாதுகாப்பு எதுவும் இல்லை. தொழிலாளர் கட்சி என்ற பெயருக்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும்? ஆட்சி கைமாறப் போகிறது, எண்ணப்படுவது சமூகங்கள் மட்டுமே, எண்ணிக்கையில் வராதவர்கள் பங்கில் வர மாட்டார்கள் என்பது தெளிவாகிவிட்டது. பூனா ஒப்பந்தத்தில் பட்ட காயம் ஆறாத ஒரு தலைவர், தன் மக்களை எண்ணாமல் விட்டுவிடும் அபாயத்தை எடுக்க முடியாது. அவர் எடுத்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

1942 ஜூலையில் நாகபுரியில் அனைத்திந்தியத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு கூடியது. ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு உருவானது. அதற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சென்னையின் என். சிவராஜ். பம்பாயில் ஒரு மாகாணக் கட்சியாக முடிந்த கதை, நாகபுரியில் சென்னைக்காரர் ஒருவரின் தலைமையில் அகில இந்திய இயக்கமாகத் தொடர்ந்தது. 1957இல் அந்தக் கூட்டமைப்பின் இடத்தில் குடியரசுக் கட்சி தோன்றியபோதும் முதல் தலைவர் சிவராஜ்தான். தமிழ்நாட்டில் அவரைப் பற்றி நாம் பேசுவது போதாது. அதற்கென்றே ஒருநாள் தனிக் கூட்டம் வைக்க வேண்டும்.

கட்சி போயிற்று, அறிக்கை என்னவாயிற்று? அதே ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். ஆகஸ்டில் அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் உட்கார்ந்து பேசும் முத்தரப்பு மாநாடு டெல்லியில் கூடியது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அவர் காலத்தில் தொடங்கின. முதலாளி தொழிற்சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். 1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணியாகக் குறைந்தது. இன்று நம்மில் ஆலைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் எட்டு மணி என்று கணக்கு வைத்துக்கொள்கிறோமே, அந்தக் கணக்கின் ஒரு கண்ணி 1936ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கும் வேலைநேர வரம்பு என்ற கோரிக்கை. 14 உறுப்பினர் கேட்டுக் கிடைக்காததை, பத்தாண்டு கழித்து ஒருவர் அரசுக்குள் இருந்து எழுதி வாங்கினார்.

1947இல் 'மாகாணங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் முக்கியத் தொழில்களும் விவசாய நிலமும் அரசுடைமை ஆக வேண்டும், நிலத்தைக் கூட்டுப் பண்ணைகளாகக் குடியானவர்களுக்கே சாதி மத பேதமில்லாமல் விட வேண்டும் என்று கேட்டார். ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் பெயரில் வெளிவந்த மனு அது. வரிக்கு வரி படித்தால் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் குரல் கேட்கும். பெயரை மாற்றச் சொன்ன காலத்தால், உள்ளே இருந்ததை மாற்ற முடியவில்லை.

கோத்தி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1949இல் பம்பாய் மாகாணத்தில் கோத்தி ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1950 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நிறைவேற்றியது காங்கிரஸ் அரசு. கோத்துக்கு நஷ்டஈடு, குடியானவனுக்கு நேரடி அனுபோக உரிமை என்ற இரு தூண்களும் 1937ஆம் ஆண்டு மசோதாவில் ஏற்கெனவே நின்றவை. நடுவில் போன பன்னிரண்டு ஆண்டு அறுவடையில் எத்தனை மூட்டை நெல் கோத்தின் களஞ்சியத்துக்குப் போனது என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. அதை எடுத்திருந்தால், ஒரு சிறிய கட்சியின் பேச்சைக் கேட்காததற்கு ஒரு சமூகம் கொடுத்த விலை எவ்வளவு என்று ரூபாயிலேயே சொல்லியிருக்கலாம்.

பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பேசிய பேச்சுகளும் கோத்தி மசோதாவின் வாசகமும் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அம்பேத்கர் தொகுப்புகள் தமிழிலும் நூலகங்களில் கிடைக்கின்றன. கேள்வி கேட்க விரும்புகிற நண்பர்கள் கேட்கலாம். முதலில் தொழில் தகராறு மசோதாவைப் பற்றிக் கேளுங்கள். வேலைநிறுத்த உரிமையைப் பற்றி அவர் அன்று வாதிட்ட பகுதியை நேரம் இருந்தால் இன்னும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.